பன்னீர் திராட்சையும் இடிக்கிற ஒரு வருஷமும்

எங்க அயனம்பாக்கத்துல தள்ளுவண்டியில குவிச்சு வெச்சு விக்கிற கறுப்பு பன்னீர் திராட்சை பெரும்பாலும் தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்குச் சரக்குதாங்க. 2023ல புவிசார் குறியீடு கூட வாங்கியாச்சு. அப்போ செய்திகள்ல திரும்பத் திரும்ப வந்த கதை இது: 1832ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தக் கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தாராம்.

இங்கதான் இடிக்குது. பன்னீர் திராட்சையோட நிஜப்பேர் மஸ்கட் ஹாம்பர்க். இங்கிலாந்துல ஸ்னோ என்கிற தோட்டக்காரர் 1850ஐ ஒட்டி கண்ணாடிக் கூடாரத்துல ஒட்டுச் சேர்த்து உருவாக்கின ரகம். பிறக்காத கொடி எப்படிய்யா கப்பலேறும்? :) பாதிரியார் வேற ஏதோ மஸ்கட் கொண்டு வந்து, இது பின்னாடி வந்து சேர்ந்திருக்கலாம் என்பது என் கட்சி.

திராட்சையும் துறவிகளும் சேர்ந்த கதை உலகம் பூரா உண்டு. சுவிட்சர்லாந்து லாவோவுல, ஜெனீவா ஏரிக்கரைச் சரிவை 11ம் நூற்றாண்டுலேர்ந்து மடத்துத் துறவிகள் படிப்படியா வெட்டிக் கல்சுவர் எழுப்பினாங்க. சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒயின் தோட்டம். 2007ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆயிடுச்சு.

கம்பத்துல படிக்கட்டு கிடையாது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல பந்தல். கவாத்து பண்ணுற நேரத்தை மாத்தி மாத்தி ரெண்டு வருஷத்துல அஞ்சு அறுவடை எடுக்கலாம். லாவோக்காரங்களுக்கு வருஷத்துக்கு ஒண்ணுதான்! அவங்க நிலத்தைச் சுவர் உண்டாக்குச்சுன்னா, இங்க தண்ணி. மேற்கே ஓடின பெரியாற்றை 1895ல பென்னிகுயிக் அணை கட்டி, மலையைக் குடைஞ்சு இந்தப் பக்கம் திருப்பினார். இன்னிக்கும் அவர் பிறந்த நாளுக்கு அங்கே பொங்கல் வைக்கிறாங்க.

லாவோவைக் கட்டடங்கள் விழுங்காம இருக்க 1977லயே வோ மாநில மக்கள் ஓட்டுப் போட்டு சட்டம் கொண்டு வந்தாங்க. நம்ம புவிசார் குறியீடு காப்பாத்துறது பழத்தோட பேரை மட்டும்தான். நாளைக்கு ஒருத்தர் பந்தலைப் பிரிச்சுட்டு பிளாட் போட்டா அது ஒண்ணும் கேக்காது.

ராயப்பன்பட்டி, சுருளிப்பட்டி, ஆனைமலையன்பட்டி பக்கத்து ஆளுங்க யாராச்சும் இதைப் படிச்சா ஒரு உதவி. உங்க தாத்தா, பூட்டன் காலத்துல முதல் கொடி எப்போ நட்டாங்க, எங்கேர்ந்து வந்துச்சுன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு எழுதுங்க. பழைய பத்திரம், சர்ச் பதிவேடு இருந்தா இன்னும் உத்தமம்.