ஹர்டி கர்டி தந்திகள்

ஹர்டி கர்டி என்பது ஐரோப்பாவைச் சேர்ந்த நரம்பிசைக் கருவிகளுள் ஒன்றாகும். வயலினில் வில் செய்யும் வேலையை இக்கருவியில் கைப்பிடியால் சுழற்றப்படும் மரச் சக்கரம் ஒன்று செய்கின்றது. வயலின் கலைஞர் வாசிக்கும்போதே வில்லின் அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஹர்டி கர்டி கலைஞரால் சக்கரத்தின் வேகத்தை மட்டுமே மாற்ற இயலும். தந்திக்கும் சக்கரத்துக்கும் இடையிலான அழுத்தம் வாசிக்கத் தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகின்றது. எனவே தந்திகளைத் தெரிவு செய்வதும் பொருத்துவதும் இக்கருவியின் ஒலித்தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

வரலாறு

இக்கருவியின் மூதாதையான ஓர்கானிசுத்திரம் இருவர் சேர்ந்து வாசிக்கும் பெரிய கருவியாக இருந்தது. எசுப்பானியாவில் உள்ள சந்தியாகோ தே கொம்போசுதேலா பேராலயத்தின் 12 ஆம் நூற்றாண்டு வாயிற் சிற்பங்களில் இதனைக் காணலாம். பின்னர் ஒருவரே மடியில் வைத்து வாசிக்கக்கூடிய சிறிய வடிவம் பரவியது. 18 ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஆறு தந்திகளைக் கொண்ட கருவி வழக்குக்கு வந்தது. இக்கட்டுரை பெரும்பாலும் அவ்வகைக் கருவியைப் பற்றியது.

தந்திகளின் வகைகள்

* மெட்டுத் தந்திகள்: இவை இரண்டு. விசைகளை அழுத்தும்போது விசைகளில் உள்ள சிறு மரத்துண்டுகள் இவற்றைத் தொட்டுச் சுரத்தை மாற்றுகின்றன. இரண்டும் நடு ஸ்தாயி ஜி சுரத்துக்குச் சேர்க்கப்படுகின்றன.
* சுருதித் தந்திகள்: இவை மாறாத ஒரே சுரத்தைத் தொடர்ந்து ஒலிக்கின்றன. பிரெஞ்சு மொழியில் மூஷ் எனப்படும் தந்தி மெட்டுத் தந்திக்கு ஒரு ஸ்தாயி கீழேயும், பெரிய பூர்தோன் இரு ஸ்தாயி கீழேயும் ஜி சுரத்தில் ஒலிக்கும். சிறிய பூர்தோன் சி சுரத்துக்கு உரியது.
* துரோம்பெத்: சுருதித் தந்திகளுள் இது தனித்தன்மை உடையது. "நாய்" என்று பொருள்படும் சியன் எனப்படும் தளர்வான சிறு குதிரையின் மீது இது அமர்கின்றது. மணிக்கட்டால் சக்கரத்தைச் சட்டென்று விரைவுபடுத்தினால் இக்குதிரை அதிர்ந்து தாளத்துக்கு ஏற்ற இரைச்சலைத் தருகின்றது.

தேவையற்ற தந்தியைச் சக்கரத்தில் இருந்து விலக்கி மாட்டிவைக்கலாம். சி சுருதியில் வாசிக்கும்போது பெரிய பூர்தோனும், ஜி சுருதியில் வாசிக்கும்போது சிறிய பூர்தோனும் விலக்கப்படுகின்றன. அதற்கேற்பத் துரோம்பெத் சி அல்லது டி சுரத்துக்கு மாற்றப்படுகின்றது.

தடிப்பும் மூலப்பொருளும்

தந்தியின் அதிர்வெண் அதன் நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை ஆகியவற்றைப் பொறுத்தது. இவ்விதிகளை மரின் மெர்சென் 1636 இல் வெளியிட்டார். நீளமும் இழுவிசையும் மாறாவிடின், ஒரே பொருளால் ஆன தந்தி ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்க இருமடங்கு தடிப்பு தேவை. எடுத்துக்காட்டாக, மெட்டுத் தந்தி 0.8 மி.மீ எனில் மூஷ் 1.6 மி.மீ, பெரிய பூர்தோன் 3.2 மி.மீ இருக்க வேண்டும். அவ்வளவு தடித்த தந்தி எளிதில் வளையாது, ஒலியும் மங்கும். இதனால் தாழ்ந்த தந்திகளுக்கு உலோகக் கம்பி சுற்றப்பட்ட தந்திகள் பயன்படுகின்றன. இவை தடிப்பை மிகுதியாகக் கூட்டாமல் நிறையைக் கூட்டுகின்றன.

விலங்குக் குடலில் இருந்து செய்யப்படும் நரம்பே மரபான மூலப்பொருள் ஆகும். இதன் ஒலி இனிமையானது. ஆனால் காற்றின் ஈரப்பதம் மாறும்போது சுருதி கலையும். நைலான் தந்திகள் ஈரப்பதத்தால் குறைவாகவே பாதிக்கப்படுகின்றன. வயோலா, செல்லோ ஆகியவற்றின் தந்திகளும் பயன்படுவதுண்டு.

பொருத்தும் முறை

1. தந்தியை மாட்டி, பிருடையைத் திருகி, உரிய சுரத்துக்குக் கொண்டுவருதல். புதிய தந்தி நீளும் இயல்புடையதால் பலமுறை சுருதி சேர்க்க நேரிடும்.
2. சக்கரத்தைத் தொடும் இடத்தில் தந்தியின் மீது மெல்லிய பஞ்சிழையைச் சுற்றுதல். பஞ்சு இல்லாவிடின் ஒலி கடுமையாகும். மிகுந்தால் ஒலி அடங்கிவிடும். சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றினால் பஞ்சு அவிழக்கூடும்.
3. சக்கரத்தின் விளிம்பில் ரோசின் எனப்படும் பைன் மரப் பிசினைச் சிறிதளவு பூசுதல்.
4. அழுத்தம் மிகுந்திருந்தால், குதிரையில் தந்தி அமரும் பள்ளத்தில் சிறு காகிதத் துண்டை வைத்துத் தந்தியை உயர்த்துதல். அழுத்தம் மிகின் ஒலி கரகரக்கும்; குறையின் ஒலி மெலிந்து கீச்சிடும்.
5. துரோம்பெத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும் நூலை, அது கட்டப்பட்டுள்ள சிறிய முளையைத் திருகிச் சரிசெய்தல். இதுவே சியன் எளிதாகவோ கடினமாகவோ இரைவதற்குக் காரணமாகும்.
6. விசைகளில் உள்ள மரத்துண்டுகளைச் சற்றே திருப்பி ஒவ்வொரு சுரத்தையும் சரிபார்த்தல். இரு மெட்டுத் தந்திகளும் எல்லா விசைகளிலும் ஒத்து ஒலிக்க வேண்டும்.

இப்படிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. வேறு தடிப்புள்ள தந்தி ஒன்றை மாட்டினால் அதன் இழுவிசை, சக்கரத்தின் மீதான அழுத்தம், தேவையான பஞ்சின் அளவு, மரத்துண்டுகளின் நிலை ஆகிய அனைத்தும் மாறும். எனவே ஒலியில் குறை தோன்றும்போது தந்தியை மாற்றுவதற்கு முன் பஞ்சு, பிசின், காகிதத் துண்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது நல்லது. ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால் குறைக்கு எது காரணம் என்பதை அறிய இயலாது.