குடியை விட்டவர்கள் கூடிய கதை: அக்ரன் முதல் மஞ்சக்குடி வரை

2025ல் ஒரே ஒரு இன்ஸ்டாகிராம் வீடியோவால் தமிழ்நாடு முழுக்க பிரபலமான ஊர் கூமாப்பட்டி. பிளவக்கல் அணை, தென்னந்தோப்பு, பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை என்று பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஊரில் ஒருவர் குடியை விட நினைத்தால் என்ன செய்வார்? சபரிமலைக்கு மாலை போடுவார். இல்லையென்றால் கோவிலில் கயிறு கட்டிக்கொள்வார். ஒரு மண்டலம் சொட்டு கூட தொடமாட்டார். மாலையைக் கழற்றிய அன்று மாலையே பழைய ஆளாகிவிடுவார்! தென் மாவட்டங்களில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது.

ஒரு மண்டலம் இருக்க முடிந்தவருக்கு அதற்கு மேல் ஏன் முடியவில்லை? இந்தக் கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது கோவிலிலும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை, ஒரு ஓட்டலில்!

1935 மே மாதம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் அக்ரன் என்ற ஊர். நியூயார்க்கிலிருந்து வந்திருந்த பில் வில்சன் என்ற பங்குச்சந்தை ஆசாமிக்கு வியாபாரம் கவிழ்ந்துவிட்டது. அவர் குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மேஃபிளவர் ஓட்டல் வரவேற்பறையில் ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோன் பக்கம் போனார். அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து போன் போட்டு, பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். யாரையோ திருத்துவதற்காக அல்ல, தான் குடிக்காமல் இருப்பதற்காக. அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை நிபுணர். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று வந்தவர், ஆறு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். காரணம் எளிது. அதுவரை அவரிடம் பேசியவர்கள் எல்லோரும் குடிக்காதவர்கள்.

டாக்டர் பாப் அதன்பிறகும் ஒருமுறை சறுக்கினார். கடைசியாகக் குடித்தது ஒரு பீர். ஆபரேஷனுக்குப் போகும்போது கை நடுங்கக்கூடாது என்று பில்லே கொடுத்தது! அந்த நாளைத்தான், 1935 ஜூன் 10, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏ.ஏ.) தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அவர் போய்வந்த மருத்துவ மாநாட்டின் தேதியை வைத்துப் பார்த்தால் ஒரு வாரம் தள்ளித்தான் வரும் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது அவர்கள் பாடு.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1840ல் பால்டிமோரில் ஆறு குடிகாரர்கள் சேர்ந்து ஆரம்பித்த வாஷிங்டோனியன் இயக்கம் லட்சக்கணக்கில் ஆள் சேர்த்தது. பிறகு மதுவிலக்கு அரசியலில் இறங்கி, சில வருடங்களிலேயே கரைந்து போனது. ஏ.ஏ. அந்தத் தவறைச் செய்யவில்லை. எந்தக் கட்சிக்கும் ஆதரவு இல்லை, வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை, கட்டணம் இல்லை. வாழ்நாள் முழுக்க குடிக்கமாட்டேன் என்ற சத்தியமும் இல்லை. இன்றைக்கு ஒரு நாள், அவ்வளவுதான். மண்டலக் கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். மண்டலத்துக்கு ஒரு முடிவு நாள் உண்டு. இதற்குக் கிடையாது.

இந்தியாவுக்கு ஏ.ஏ. 1957ல் டெல்லி வழியாக வந்தது. தமிழ்நாடு அப்போது மதுவிலக்கில் இருந்தது. 1937ல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய அந்தச் சட்டம் 1971ல் தளர்ந்தது, திரும்ப வந்தது, 1981ல் மறுபடி தளர்ந்தது. 1983ல் டாஸ்மாக் நிறுவனம், 2003 முதல் அரசே நேரடியாகச் சில்லறை விற்பனை. சட்டம் கடையைப் பூட்டும், திறக்கும். குடிப்பவரிடம் அது உட்கார்ந்து பேசுவதில்லை.

பேசியவர்களில் முக்கியமானவர் சாந்தி ரங்கநாதன். டி.டி.கே. குடும்பத்து மருமகள். கணவர் டி.டி.ரங்கநாதனைக் குடிநோய்க்கு 1979ல் பறிகொடுத்தவர். அடுத்த வருடமே சென்னையில் அவர் பெயரில் ஒரு சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். பணக்காரக் குடும்பமே மறைத்துவைத்த விஷயத்தை வெளியே சொன்னது சாதாரண தைரியம் இல்லை. 1992ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 'குடிகாரன்' என்ற இடத்தில் 'குடிநோயாளி' என்ற சொல் தமிழில் பழகியதில் இப்படிப்பட்ட அமைப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சொல்தானே என்று நினைக்கலாம். குடிகாரனுக்குக் கிடைப்பது திட்டு, நோயாளிக்குக் கிடைப்பது மருந்து!

கூமாப்பட்டிக்குப் பொருந்துவது அந்த அமைப்பு 1989ல் மஞ்சக்குடியில் (இன்றைய திருவாரூர் மாவட்டம்) நடத்திய முகாம்தான். நோயாளி சென்னைக்கு வருவதற்குப் பதில் சிகிச்சை கிராமத்துக்குப் போனது. கூலிவேலைக்காரர் ஒரு மாதம் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏற முடியுமா? அதனால் முகாம் பதினைந்து நாட்கள்தான். மருத்துவரும் கூடவே இருந்தார், ஏனென்றால் பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மனைவிமாருக்கும் ஆலோசனை உண்டு. முகாம் முடிந்தபின் தொடர்ந்து வந்து பார்த்தார்கள்.

நகரத்தில் பெயர் சொல்லாமல் கூட்டத்துக்குப் போகலாம். கிராமத்தில் அது நடக்குமா? யார் வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினார் என்பது டீக்கடைக்குத் தெரியும். ஆனால் அவர் குடிப்பதும் ஊருக்கே தெரிந்ததுதானே? விடுவதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும் என்று மஞ்சக்குடி திருப்பிக் கேட்டது. அங்கே ஊர்தான் கூட்டம்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கில் டாஸ்மாக் கடைகள் மூடின. ஏ.ஏ. கூட்ட அறைகளும் மூடின. கூட்டங்கள் ஜூம் செயலிக்கு மாறின, பல இன்றும் அப்படியே தொடர்கின்றன. இப்போது கூமாப்பட்டிக்காரர் பஸ் ஏற வேண்டியதில்லை. கேமராவை அணைத்துவிட்டு, தோப்புக்குள் சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தால் போதும்.