கும்மி நூலைத் தேடி

அரிய இசைத்தட்டு ஒன்றுக்காக ஊர் ஊராய் அலையும் ரசிகர்கள் உண்டு. மலையகத்தில் நாம் தேடுவது இசைத்தட்டு அன்று. ஒரு சிறு பாட்டுப் புத்தகம். ஆபிரகாம் ஜோசப் என்ற தோட்ட மேற்பார்வையாளர் இயற்றி, 1869இல் அச்சேறிய ‘கோப்பி கிருஷிக் கும்மி’ அது. மலையக இலக்கியத்தின் முதல் நூல் என்று அதைச் சொல்வோர் உண்டு.

கோப்பிப் பயிர்த்தொழில் முழுவதும் அதில் கும்மி மெட்டில் வருகிறது. ஆனால் பாடுகிறவர் யார்? வேலை வாங்கியவர், வேலை செய்தவர் அல்லர். (அதே 1869இல்தான் இலைத்துரு நோய் இலங்கையில் தலைகாட்டிற்று. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலே சரிந்தது!)

வேலை செய்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கினார்கள். காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து, நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். இங்கே ரயில் வந்தது 1880இல்தான். பசியும் காலராவும் பலரை வழியிலேயே வீழ்த்தின. அவர்களும் பாடினார்கள். தாலாட்டு, ஒப்பாரி, கங்காணியை ஏசும் பாட்டு. அவற்றை அச்சிட எவர் முன்வந்தார்? சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாகத் திரட்டிய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலாக வெளிவந்தது 1980களில். கும்மி அச்சேறி நூறாண்டு கழிந்த பிறகு!

அந்த நூறாண்டில் பாடினவர்களோடு புதைந்த பாட்டுகள் எத்தனையோ. கும்மி நூலை இன்னும் தேடுவோம். அதுவும் நம் சரித்திரமே. ஆயினும் மாத்தளைத் தோட்டங்களின் லயங்களில் உள்ள முதியவர்களிடம் முதலில் போகவேண்டும். ஆசிரிய நண்பர்கள் தம் மாணவரை அனுப்பி, பாட்டையும் தோட்டத்தின் பெயரையும் கேட்ட நாளையும் எழுதிவரச் செய்வார்களா?