குளத்திலிருந்து குழாய்க்கு: ஸ்ரீவராகம் கூறும் நீர் வரலாறு

நீர் தன் மட்டத்தை நாடும் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த உண்மை. ஒரு நகரத்தின் குடிநீர் வரலாறு பெரும்பாலும் இவ்வொரு வாக்கியத்துள் அடங்கிவிடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஷவரைத் திறந்தவுடன் நீர் மழையெனப் பொழியாது நூலிழையாக ஒழுகும்போதுதான் அவ்வுண்மை நினைவுக்கு வருகிறது. தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் அடுக்குமாடிகளில் வாழும் தமிழ் நேயர்களுக்கு இது புதிய அனுபவமன்று. இந்தக் குறையின் வரலாற்றையும், அதனைத் தீர்க்கும் முறையையும், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் திருவனந்தபுரத்தை வைத்துக்கொண்டு ஆராய்வோம்.

கோட்டைப் பகுதியை அடுத்துள்ளது ஸ்ரீவராகம். வராகமூர்த்தி கோயிலும் அதன் பரந்த திருக்குளமும் இவ்வூருக்கு அடையாளம். முன்னாளில் நீராடுவோர் குளத்தை நாடிச் சென்றனர். வீட்டில் குளிப்போர் கிணற்றில் கயிறும் வாளியும் கொண்டு நீர் இறைத்தனர். குளத்து நீருக்கு அழுத்தம் வேண்டியதில்லை. மனிதன்தான் படியிறங்கிப் போகவேண்டும். கிணற்று நீருக்கு அழுத்தம் தந்தது மனிதனின் தோள்வலி. திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் கிள்ளியாற்று நீரைப் பத்மதீர்த்தத்திற்குக் கொண்டுவரக் கொச்சாறு என்னும் கால்வாய் அமைந்தது. எந்திரம் ஏதுமின்றி, நிலத்தின் சரிவையே துணையாகக் கொண்டு நீர் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது.

இதே தத்துவத்தை இரும்புக் குழாயில் பொருத்தியதே இருபதாம் நூற்றாண்டின் சாதனை. சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், 1933ஆம் ஆண்டு, நகரின் குழாய்நீர்த் திட்டம் தொடங்கப்பெற்றது. அப்போதைய வைஸ்ராய் வில்லிங்டன் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பட்டது. பொதுமக்கள் வழக்கில் அது ‘வெல்லிங்டன்’ என்றும் திரிந்தது. நகருக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அருவிக்கரையில் கரமனையாற்றைத் தடுத்து, அந்நீரைச் சரிவின் வழியே வெள்ளயம்பலத்திற்குக் கொணர்ந்து, வடிகட்டித் தூய்மை செய்து ஊருக்கு அனுப்பினர். மேட்டு நிலங்களுக்கு மட்டும் பம்பின் உதவி தேவைப்பட்டது. தாழ்ந்த பகுதிகளுக்கு மேட்டின் உயரமே அழுத்தத்தைத் தந்தது. நீரைத் தேடி மனிதன் சென்ற காலம் மாறி, மனிதனைத் தேடி நீர் வரும் காலம் பிறந்தது.

ஆயின் நகரம் வளர்ந்தது. 1983இல் மேல்நிலத்தில் பேப்பாறை அணை எழுந்தது. 1984இல் கேரள நீர் ஆணையம் தோன்றியது. நீரின் அளவு பெருகினாலும் ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் அதே வேகம் இருக்கும் என்று எதிர்பார்த்தல் இயலாது. காரணம் எளிது. காலையில் அனைவரும் ஒரே வேளையில் குழாயைத் திறக்கும்போது, பெருங்குழாயில் நீர் விரைந்தோடுகிறது; விரைவு கூடக் கூட உராய்வும் கூடுகிறது; குழாயின் கடைக்கோடியிலுள்ள வீட்டுக்கு எஞ்சுவது சிறிதளவு அழுத்தமே. எனவேதான் வீட்டார் மொட்டைமாடியில் தொட்டி கட்டி, இரவில் நீரை நிரப்பிப் பகலில் பயன்படுத்தத் தலைப்பட்டனர். நகரத்தின் மேட்டுக்குப் பதிலாக வீட்டின் மாடியே சிறு மேடாயிற்று.

அந்தச் சிறு மேட்டின் வலிமையைக் கணக்கிடுவோம். 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்திற்குச் சமம். மாடித் தொட்டியின் நீர்மட்டம் ஷவருக்கு 2 மீட்டர் மேலே இருப்பின் கிடைப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கே. மேல்தளத்துக் குளியலறையில் நீர் மெலிந்து விழுவதும், கீழ்த்தளத்தில் நன்றாக விழுவதும் இதனாலேயே. குழாய் குறுகலாக இருந்தாலோ உள்ளே துரு படிந்திருந்தாலோ நிலைமை இன்னும் மோசமாகும். விட்டம் பாதியானால், அதே அளவு நீரைச் செலுத்த உராய்வில் இழக்கும் அழுத்தம் ஏறத்தாழ முப்பது மடங்காகிவிடும். ஆகவே பம்பு வாங்கச் செல்லுமுன் ஷவரின் துளைகளை அடைத்துள்ள உப்பையும் துருவையும் நீக்குதல், வால்வுகள் முழுதும் திறந்துள்ளனவா என்று பார்த்தல், பழைய குழாயை அகலமானதாக மாற்றுதல், இயலுமாயின் தொட்டியை ஓரிரு மீட்டர் உயர்த்துதல் ஆகியவற்றைச் செய்துபார்ப்பது அறிவுடைமை.

இவற்றாலும் பயனில்லையெனில் பம்பு வேண்டும். அதன் வரலாறு நெடியது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் க்டெசிபியஸ் என்பார் நீரை அழுத்தித் தள்ளும் கருவியை அமைத்தார். உறிஞ்சும் பம்பு நீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் உயர்த்த இயலாமைக்குக் காற்றின் எடையே காரணம் என்பதை 1643இல் டாரிசெல்லி விளக்கினார். சுழலும் சக்கரத்தால் நீரை வீசித் தள்ளும் பம்பு 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் டெனிஸ் பாப்பேன் கையில் உருப்பெற்றது. 1851ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் ஜான் அப்போல்டு வளைந்த தகடுகள் பொருத்திய பம்பைக் காட்டி அதன் திறனை மெய்ப்பித்தார். நம் நாட்டிலோ 1937இல் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் மின்மோட்டார் உருவாயிற்று. கோவைப் பம்புகள் பின்னர் நாடெங்கும் கிணற்றடிகளை அடைந்தன. கிணற்றடியில் அவற்றின் இரைச்சல் பொருட்டாகவில்லை. குளியலறைக்கு அடுத்த சுவரில், விடியற்காலையில், அது பொறுக்கலாகாதது.

இரைச்சலின் மூலங்கள் சில. மோட்டாரின் அதிர்வு சுவர்வழியும் குழாய்வழியும் பரவுகிறது. விசிறியின் ஓசை உண்டு. உறிஞ்சும் பக்கம் நீர் போதாதபோது பம்பினுள் குமிழ்கள் தோன்றி உடைந்து சடசடக்கின்றன. ஆதலின் அமைதியான பம்பு வேண்டுவோர், சுழலி நீரிலேயே அமிழ்ந்து நீராலேயே குளிரும் வகையைத் தேர்வர். அதற்கு விசிறி வேண்டாம். அதனை ரப்பர் மெத்தையின்மீது அமர்த்தி, இருபுறமும் வளையும் குழாய்த் துண்டுகளால் இணைப்பர். தொட்டியிலிருந்து அகலமான குழாயால், நீர் தானாக இறங்கி வருமாறு தொட்டியின் மட்டத்திற்குக் கீழே நிறுவுவர். ஷவரைத் திறந்தால் தானே இயங்கி, மூடினால் நின்றுவிடும் பொறியும் அத்துடன் வருகிறது. ஓர் குடும்பத்திற்கு ஒரு வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தமே போதுமானது.

இங்கே ஒரு செய்தியை வலியுறுத்த வேண்டும். பம்பு தன் வீட்டுத் தொட்டியிலிருந்து நீரெடுக்க வேண்டுமேயன்றி, தெருக்குழாயின் இணைப்பிலிருந்து நேரே உறிஞ்சலாகாது. அவ்வாறு உறிஞ்சினால் அண்டை வீட்டாரின் பங்கு குறைகிறது. அதனினும் கொடியது மற்றொன்று: குழாயினுள் அழுத்தம் புறத்து அழுத்தத்தினும் தாழ்ந்தால், மண்ணுக்கடியிலுள்ள கசிவுகளின் வழியே கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும். ஒருவர் வசதிக்காகத் தெருவே நோயுறும். நீர் வழங்கும் அமைப்புகள் இச்செயலைத் தடைசெய்திருப்பதன் காரணம் இதுவே.

குளத்தில் ஒருவர் மூழ்கி எழுந்தாலும் அடுத்தவருக்கு நீர் குறைவதில்லை. குழாயின் கதை அவ்வாறன்று. பூமிக்கடியில் ஒரே குழாய் நம் அனைவரையும் பிணைத்துள்ளது. எந்த ஊரில் குடியிருந்தாலும், முதலில் தொட்டியை நிரப்புவோம். பின்னர் அத்தொட்டியிலிருந்து நமக்கு வேண்டிய வேகத்தை ஓசையின்றிப் பெறுவோம்.