உள்ளாட்சியில் மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினர்: ஓட்டு இல்லை, அப்போ என்ன பலம்? முழு விவரம்

குன்றக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் நாச்சியாபுரம் மாதிரி ஒரு செட்டிநாட்டு ஊரை நினைச்சுப் பாருங்க. உயரமான திண்ணை, அதுக்கு ஏற மூணு படி. பழைய வீடுகளுக்கு அது அழகு. ஆனா அதே மூணு படி ஒரு ரேஷன் கடை வாசலிலோ, ஊராட்சி அலுவலக வாசலிலோ இருந்தால், சக்கர நாற்காலியில் வருபவர் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். அந்தப் படிக்குப் பக்கத்தில் சாய்தளம் வேணும்னு கூட்டத்தில் உட்கார்ந்து கேட்க ஒருவர் இருக்கணும் என்பதற்காகத்தான் தமிழ்நாடு அரசு 2025-ல் சட்டத்தைத் திருத்தியது.

என்ன சட்டம் அது?

2025 ஏப்ரல் 16-ம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் இரண்டு மசோதாக்களைத் தாக்கல் செய்தார். ஒன்று நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்துக்கான திருத்தம், மற்றொன்று ஊராட்சிகள் சட்டத்துக்கான திருத்தம். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி மன்றங்களிலும், கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க இவை வழி செய்கின்றன. இரண்டும் நிறைவேறி சட்டமாகிவிட்டன.

அதுவரை நிலைமை என்ன? நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்தலில் ஜெயிச்சு வந்த மாற்றுத்திறனாளிகள் மாநிலம் முழுக்க வெறும் 35 பேர். புதிய சட்டப்படி நகர்ப்புறத்தில் மட்டும் சுமார் 650 பேருக்கும், ஊரகத்தில் சுமார் 13 ஆயிரம் பேருக்கும் இடம் கிடைக்கும். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். டிசம்பர் 3 இயக்கம் உள்ளிட்ட அமைப்புகள் இந்தக் கோரிக்கையைப் பல வருஷமாக எழுப்பி வந்தன.

மாவட்டக் குழு ஏற்கெனவே இருக்கே?

பலரும் குழம்புவது இங்கதான். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 66-வது பிரிவு மாநில ஆலோசனை வாரியத்தையும், 72-வது பிரிவு மாவட்ட அளவிலான குழுவையும் சொல்கிறது. அவை வேறு. அங்கே பேசப்படுவது மாவட்டம், மாநிலம் பற்றியது. நம்ம தெரு, நம்ம பஸ் ஸ்டாப், நம்ம அங்கன்வாடி பற்றிய முடிவும், அதுக்கான பணமும் உள்ளாட்சி மன்றத்தில்தான் ஓடுது. நியமன உறுப்பினர் உட்காரப் போவது அந்த மன்றத்திலேயே.

ஓட்டு உண்டா?

இல்லை. நியமன உறுப்பினர் பேசலாம், கேள்வி கேட்கலாம். தீர்மானத்தில் வாக்களிக்க முடியாது. மதிப்பூதியமும் மற்ற சலுகைகளும் மற்ற உறுப்பினர்களுக்கு உள்ளதே. உதாரணமாக, 2024-ல் மாநகராட்சியான காரைக்குடியில் மாமன்ற உறுப்பினருக்கான மதிப்பூதியம் மாதம் 10,000 ரூபாய்.

ஓட்டு இல்லாமல் என்ன செய்ய முடியும் என்பது நியாயமான கேள்வி. விவரம் தெரிந்தவருக்கு நிறையவே செய்ய முடியும். ஏன்னா சாய்தளம் என்பது மன்றம் மனசு வைத்துத் தருகிற சலுகை கிடையாது. 2016 சட்டத்தின் 44-வது பிரிவுப்படி, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்றிதழே தரக்கூடாது. பழைய பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுக்குள் மாற்றியமைக்கணும் என்கிறது 45-வது பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனிலேயே முடிஞ்சு போச்சு. 2024 நவம்பர் 8-ல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கணும் என்று சொல்லிவிட்டது.

அதனால் கூட்டத்தில் "இந்தக் கட்டடத்துக்கு நிறைவுச் சான்று எப்படிக் கொடுத்தீங்க?" என்று ஒருவர் கேட்டு, அது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவானால், பிறகு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொண்டுபோக அந்தத் தாளே ஆதாரம்.

அளவையும் தெரிஞ்சு வச்சுக்கணும். சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு 1-க்கு 12. அதாவது ஒன்றரை அடி உயரத்துக்கு 18 அடி நீளம் வேணும். நாலஞ்சு அடியில் சிமென்ட்டைச் சரிச்சுப் பூசிட்டு 'சாய்தளம் போட்டாச்சு' என்று கணக்கு காட்டுவது பல இடங்களில் பார்க்கிற காட்சி. அதில் சக்கர நாற்காலி ஏறாது. ஏறினாலும் இறங்கும்போது ஆள் கவிழ்வார்.

கிராமத்தில் ஒரு சிக்கல்

சிவகங்கை உட்பட 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்த மாவட்டங்களில் உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாதபோது நியமன உறுப்பினர் யாரோடு உட்கார்ந்து பேசுவார்? நகரத்தில் இருப்பவருக்கு உடனே பயன் தரும் சட்டம், கிராமத்தில் தேர்தலை எதிர்பார்த்து நிற்கிறது. இடைப்பட்ட காலத்தில் கையில் இருப்பது கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே வாக்காளர் யார் வேணும்னாலும் சாய்தளம் கேட்டுத் தீர்மானம் கொண்டு வரலாம்.

விண்ணப்பிக்க விரும்புவோருக்கு

முதல் முறை 2025 ஜூலையில் விண்ணப்பம் கோரப்பட்டது. அடுத்த அறிவிப்பு பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், கிராமத்தவர் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் கேட்கலாம். யுடிஐடி அட்டை இல்லாதவர்கள் அதை இப்பவே எடுத்து வைப்பது நல்லது. அறிவிப்பு வந்த பிறகு மருத்துவச் சான்றுக்கு அலைந்தால் நாள் போதாது.