அஞ்சாம் கிளாஸுக்குப் பொதுத்தேர்வு: அஞ்சு மாசம்கூட நிக்காத ஓர் அரசாணையின் கதை

2019 செப்டம்பர் 13. அந்தக் கல்வியாண்டிலிருந்தே 5, 8-ம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. 2020 பிப்ரவரி 4. அதே அரசு அதை ரத்து செய்தது.

இப்ப நிறைய பேருக்கு இது ஞாபகமே இல்லை. ஆனா அந்த மாசங்கள்ல அரியமங்கலத்துல என்கிட்ட ஓ.பி.க்கு வந்த அம்மாக்கள் மறந்திருக்க மாட்டாங்க. கொஞ்சம் நீளமான இழை, பொறுத்துக்கோங்க.

முதல்ல சட்டம். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. எட்டாவது முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் ஃபெயில் ஆக்கி அதே வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது என்றது அதன் 16-வது பிரிவு. 2019 ஜனவரியில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. 5, 8-ன் முடிவில் தேர்வு. தோற்றால் கூடுதல் வகுப்பு, இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு. அதிலும் தோற்றால் நிறுத்தி வைப்பதா வேண்டாமா என்பதை மாநிலம் முடிவு செய்துகொள்ளலாம்.

தமிழ்நாடு தேர்வை எடுத்துக்கொண்டது. முதல் மூன்று வருஷத்துக்கு யாரையும் நிறுத்த மாட்டோம் என்றும் சொன்னது. அந்த "மூணு வருஷத்துக்கு"தான் எல்லாரையும் பயமுறுத்துச்சு. நாலாவது வருஷம் என்ன ஆகும்னு கேக்காத அப்பா அம்மா இல்லை.

எங்க ஏரியா தெரியாதவங்களுக்கு: பக்கத்துல பொன்மலை ரயில்வே பணிமனை, குறுக்கே தஞ்சாவூர் ரோடு, கூடவே மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு. கிடங்கு தீப்பிடிச்சு புகை வர்ற நாள்ல பள்ளிக்கூடம் போகாம நெபுலைசர் மாஸ்க்கோட உக்காந்திருக்கிற பிள்ளைங்க உண்டு. "பரீட்சை அன்னைக்கு வீசிங் வந்தா என்ன சார் பண்றது?" "வேற ஸ்கூல்ல சென்டர் போட்டா இவனை யாரு அந்த ரோட்டைத் தாண்டி விடுவா?" ரெண்டுமே நியாயமான கேள்வி. (சொந்தப் பள்ளியிலேயே எழுதலாம்னு அமைச்சர் அப்புறம்தான் சொன்னார்.)

ஸ்கூல் இருக்கிற நாள் காலையில மட்டும் வயித்துவலி, ஞாயித்துக்கிழமை சுத்தமா இல்லை, ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்லை. இப்படி ஒன்பது பத்து வயசுப் பிள்ளைகளை அந்தக் குளிர்காலத்துல வழக்கத்தைவிட அதிகமா பார்த்தேன். ஞாபக சக்தி டானிக் கேட்டவங்களும் உண்டு. அப்படி ஒரு டானிக் கிடையாதுங்க, வாங்காதீங்க.

சின்னப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் பரீட்சை வைக்கிறது புதுசு இல்லை. 1862-ல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் ஒரு விதி கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் வருவார்; வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார்; ஒரு பாடத்தில் பாஸானால் பள்ளிக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ். ஃபெயிலானால் அந்தக் காசு வெட்டு.

என்ன நடந்திருக்கும்னு யூகிச்சிருப்பீங்க. பிள்ளைங்க வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் பண்ணாங்க. கவிஞர் மேத்யூ ஆர்னால்டு அப்போ பள்ளி இன்ஸ்பெக்டர். படிப்பே இயந்திரம் மாதிரி ஆயிடுச்சுன்னு தன் அறிக்கைகளில் தொடர்ந்து எழுதினார். ஆனாலும் அதே முறை கப்பலேறி சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1882-ல் அமைந்த ஹண்டர் கமிஷன் தொடக்கப் பள்ளிகளுக்கு அதைப் பரிந்துரையும் செய்தது. 1904-ல் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம்தான் அதைக் கைவிட்டது.

இதுல கவனிங்க. அது மோசமான முறைதான், ஆனா அதுல தண்டனை பள்ளிக்கூடத்துக்கு. 2019 திருத்தத்துல தண்டனை பத்து வயசுப் பிள்ளைக்கு.

"நாங்கள்லாம் எட்டாவதுல இ.எஸ்.எல்.சி. எழுதலையா?"ன்னு ஒரு பெரியவர் சண்டைக்கே வந்தார். எழுதினீங்க ஐயா. அந்தக் காலத்துல எட்டாவதே நிறைய பேருக்குப் படிப்பு முடியற இடம். அந்தச் சான்றிதழை வெச்சு வேலைக்குப் போனாங்க. அதுல தோத்தவங்க என்ன ஆனாங்கன்னு சொல்ல அவங்க யாரும் இப்ப நம்ம பக்கத்துல உக்காந்து பேசறதில்லை.

மறுபக்கமும் சொல்லணும். "எட்டு வரைக்கும் ஆல்பாஸ் போட்டு அனுப்பிட்டாங்க, ஒன்பதாவதுல எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணர்றான்"னு அழுத அப்பாக்களும் இதே ஏரியாதான். அவங்க கேட்ட பரீட்சை வேற. பிள்ளைக்கு எது வரலைன்னு மூணாவதுலயே சொல்லணும், சொல்லிட்டு யாராவது உக்காந்து சொல்லிக் கொடுக்கணும். 2012-13-ல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டின் நோக்கமே அதுதான். பல வீட்டுல அது ராத்திரி ஒன்பது மணிக்கு சார்ட்டும் தெர்மாகோலும் தேடி அலையறதா முடிஞ்சது!

எங்க தொழில்ல இதுக்கு ஒரு பழைய விதி உண்டு. 1968-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் எழுதினது. ஒரு நோயைத் தேடி ஊர் முழுக்க டெஸ்ட் எடுக்கணும்னா, கண்டுபிடிச்ச பிறகு கொடுக்க சிகிச்சையும் அதுக்கான வசதியும் கையில இருக்கணும். சிகிச்சை இல்லாம ரிப்போர்ட்டை மட்டும் கையில கொடுத்தா அது பயமுறுத்தல்தான். அந்த ரெண்டு மாசக் கூடுதல் வகுப்பை யார், எந்த லீவுல எடுப்பாங்கன்னு நான் கேட்ட எந்த வாத்தியாருக்கும் தெரியலை.

ரத்தானதும் அடுத்த மாசமே கொரோனா. ஜூன் 9-ல் பத்தாம் வகுப்புத் தேர்வே ரத்தாகி, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் வெச்சு எல்லாரையும் பாஸ் போட்டாங்க.

2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் 5, 8-ல் நிறுத்தி வைக்கலாம் என்று விதியை மாற்றியது. இங்கே அது கிடையாது என்றது தமிழ்நாடு. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு 11-ம் வகுப்புப் பொதுத்தேர்வும் போனது.

ஆனா டெஸ்ட் இல்லாம இல்லை. 2025 பிப்ரவரியில் 3, 5, 8-ம் வகுப்புகளுக்கு 'ஸ்லாஸ்' என்ற மாநில அடைவுத் தேர்வு நடந்தது. அதுல யாரும் ஃபெயில் ஆக முடியாது. பிள்ளைகளுக்கு எது வந்திருக்கு, எது வரலைன்னு பார்க்கிறதுக்கு மட்டும். உங்க பள்ளியில அது நடந்திருந்தா, முடிவு என்ன, அதுக்கு என்ன செய்யறாங்கன்னு பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல கேளுங்க. அந்தக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர்களா இருக்கணும்னு அதே கல்வி உரிமைச் சட்டம்தான் சொல்லுது.