புனித ஸ்டீபன் தேவாலயம், உதகமண்டலம்

புனித ஸ்டீபன் தேவாலயம், நீலகிரி மாவட்டத்தின் மிகப் பழமையான தேவாலயங்களுள் ஒன்று. கோதிக் பாணியைத் தழுவிக் கட்டப்பட்ட இதன் கூரை, திப்பு சுல்தானின் அரண்மனை மரங்களைக் கொண்டு அமைக்கப்பட்டது.

வரலாறு

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சலிவன் 1819-இல் நீலகிரிக்கு வந்தபின், உதகையில் ஆங்கிலேயர் குடியேறத் தொடங்கினர். அவர்களின் வழிபாட்டிற்கென ஓர் ஆலயம் எழுப்பச் சென்னை மாகாண ஆளுநர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன் முனைந்தார். மன்னர் நான்காம் ஜார்ஜின் பிறந்தநாள் அரசு முறையில் கொண்டாடப்பட்ட 1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டுமானப் பொறுப்பைக் கேப்டன் ஜான் ஜேம்ஸ் அண்டர்வுட் ஏற்றார். 1830 நவம்பர் 5 அன்று கல்கத்தா பேராயர் ஜான் மத்தியாஸ் டர்னர் ஆலயத்தை அர்ப்பணம் செய்தார். 1831 ஏப்ரல் 3, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று பொது வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது.

கட்டடக்கலை

கோதிக் கலை 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றியது. கூர்முனை வளைவுகள், உயர்ந்த கல் விதானம், அதன் பளுவை வெளியிலிருந்து தாங்கும் முட்டுச் சுவர்கள், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். அத்தகைய பேராலயங்களைக் கட்டி முடிக்கப் பல தலைமுறைகள் ஆயின. உதகை ஆலயமோ இரண்டே ஆண்டுகளுக்குள் எழுந்தது. இங்குக் கல் விதானம் இல்லை. மரக் கூரையே உள்ளது. ஆகவே பெரும் முட்டுச் சுவர்களும் தேவைப்படவில்லை. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும், மேற்குச் சுவரில் உள்ள இயேசுவின் கடைசி இராவுணவு ஓவியமும் குறிப்பிடத்தக்கவை.

திப்புவின் மரங்கள்

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போரில் மாண்டார். பின்னர் அவருடைய லால் மகால் அரண்மனை இடிக்கப்பட்டது. அதன் பெரிய உத்தரமும் பிற மரங்களும் இவ்வாலயத்திற்குக் கொண்டுவரப்பட்டன. உதகைக்கு மலை இரயில் வந்தது 1908-இல்தான். அதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இம்மரங்கள் மலையேறிவிட்டன. தோற்ற அரசனின் மாளிகையைத் தாங்கிய மரமே வென்றவர்களின் வழிபாட்டுக் கூரையையும் தாங்கியது. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து இதனை ஆங்கிலேயக் கட்டடம் என்று கடந்து செல்வோர், மைசூர் வரலாற்றின் இந்த எச்சத்தைக் காணத் தவறிவிடுகின்றனர்.

கல்லறைத் தோட்டம்

ஆலயத்தை ஒட்டிய சரிவில் பழைய கல்லறைகள் உள்ளன. சலிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் இங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். உதகையை உருவாக்கிய சலிவனோ 1855-இல் இங்கிலாந்தில் காலமானார்.

இன்று

1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் கீழ் இவ்வாலயம் வந்தது. இன்றும் இங்கு வழிபாடு நடைபெறுகிறது.